மூலிகைப் புகை

காடு எரிந்துகொண்டிருந்தபோது மலையைப் பார்த்துக் கைகூப்பி நின்றவர்களை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் காட்டை நம்பிப் பிழைப்பவர்கள் அல்லர். மலைமேல் அவர்களுக்கு ஒரு சொந்தபந்தமும் கிடையாது. எல்லோரும் பென்ஷன் வாங்குகிறவர்கள். ஒரே நிறத்தில் பனியன் போட்டு, அதன் முதுகில் நடைப்பயிற்சிச் சங்கத்தின் பெயரை அச்சடித்துக்கொண்டவர்கள். அந்தக் கூட்டத்தின் இரண்டாவது வரிசையில் என் வீட்டுக்காரரும் நின்றார்.

நாங்கள் இருப்பது அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. நான் தருமபுரியில் தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து விருப்ப ஓய்வில் வந்தவள். அவர் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பேர். பொய் சொல்கிறவனை அத்தனை நெரிசலில் மோப்பம் பிடித்த மனுஷன், ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே இன்னொரு மனுஷனிடம் போய்த் தன்னை முழுசாக ஒப்படைத்துவிட்டார்.

அந்த இன்னொரு மனுஷனைச் சங்கத்தில் எல்லோரும் தலைவர் என்பார்கள். அரசாங்கத்தில் பெரிய இன்ஜினியராக இருந்தவர். அவர் கட்டியது என்று ஊரில் யாரும் எதையும் காட்டிச் சொன்னதில்லை. ஆனால் பேச்சைக் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வெள்ளைத் தாடி, வெள்ளை ஷூ, கழுத்தில் ஒரு விசில். பள்ளிக்கூட மைதானத்தில் தினமும் காலையில் இருபது பேரை நிறுத்திவைத்து அவர் ஏதாவது சொல்லிக்கொடுப்பார். ஒரு வருஷம் செம்புப் பாத்திரத்தில் தண்ணீர். இன்னொரு வருஷம் தொப்புளில் விளக்கெண்ணெய். அடுத்தது வெறுங்காலோடு நடப்பது. பூமியிலிருந்து கரண்ட் ஏறுமாம். கரண்ட் ஏறியதோ இல்லையோ, என் வீட்டுக்காரர் குதிகாலில் முள் ஏறி, அதை எடுக்க நான் ஊக்கோடு உட்கார்ந்தேன். நடுவில் சிரிப்புப் பயிற்சி வேறு. எல்லோரும் வட்டமாக நின்று காரணமில்லாமல் ஹோ ஹோ என்று சிரிக்க வேண்டும். நானும் ஆரம்பத்தில் கொஞ்ச நாள் போனேன். காரணத்தோடு சிரித்ததால் எனக்கு அது சரிப்படவில்லை.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. ஆம்பளைகள் ஓய்வு பெற்றதும் வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்தால் அது வேறு தலைவலி. குழம்பில் புளி எத்தனை என்று கேட்பார்கள். காலையில் இரண்டு மணி நேரம் எங்கேயோ போய்ச் சிரித்துவிட்டு வரட்டும் என்று விட்டிருந்தேன். ஆனால் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அதற்கு முன்னால் பல வருஷம் சிகரெட். அதையும் நான் மறக்கவில்லை.

அந்த வருஷம் மாசியிலேயே வெயில் உறைத்தது. தொப்பூர்ப் பக்கத்துக் காட்டில் முதலில் பிடித்தது. யாராவது பீடித் துண்டைப் போட்டிருப்பார்கள், அல்லது புதுப் புல் முளைக்கட்டும் என்று கொளுத்தியிருப்பார்கள். யார் என்று யாரும் சொல்லப்போவதில்லை. பிறகு கிழக்கேயும் பிடித்தது. சித்தேரி மலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வந்தோம் என்று காய்கறிக்காரம்மா சொன்னார். மலை எரிவது வருஷா வருஷம் நடப்பதுதான். இரவில் சரத்தில் வைத்த விளக்கு மாதிரி தெரியும், நாலு நாளில் அணையும். அந்த வருஷம் அணைந்தபாடில்லை. பகலில் புகை மேலே போய்விடும். விடிகாலையில் குளிர்ந்த காற்றோடு கீழே இறங்கி ஊர்மேல் உட்கார்ந்துகொள்ளும். சூரியன் செம்புத் தட்டு மாதிரி வரும், வெளிச்சம் வராது. கொடியில் காயப்போட்ட துணியை எடுத்தால் அடுப்படி வாசம். வாளித் தண்ணீரில் கரித்தூள் மிதக்கும். எனக்கே கண் எரிந்தது, தொண்டையில் யாரோ விரலால் சுரண்டுகிற மாதிரி இருந்தது.

"ஏங்க, இந்தப் புகை அடங்கற வரைக்கும் வாக்கிங் வேண்டாங்க. மொட்டை மாடியில கூட வேண்டாம். வூட்டுக்குள்ளயே நடங்க" என்றேன்.

அவர் போனை என் பக்கம் நீட்டினார். தலைவரின் குரல் அதில் வந்தது. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்.

"நண்பர்களே, பயப்படாதீங்க. நம்ம மலை சாதாரண மலை கெடையாது. மேல இருக்கறது எல்லாமே மூலிகை. நொச்சி இருக்குது, ஆடாதொடை இருக்குது, பேரு தெரியாத அபூர்வ மரமெல்லாம் இருக்குது. கேரளாவுக்குப் போயி காசு குடுத்துப் புடிக்கிற மூலிகைப் புகைய இயற்கை நம்ம வாசலுக்கே அனுப்பி வெச்சிருக்குது. நுரையீரல் சுத்தமாவும். நாளைக்கு ஒருத்தரும் லீவு போடக்கூடாது."

அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். ஒருவர் 'அருமையான தகவல் தலைவரே' என்று எழுதியிருந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் நடத்தியவர். அவரிடம் படித்த பிள்ளைகளை நினைத்து அன்றைக்குத்தான் எனக்கு இரக்கம் வந்தது.

"அடுப்புப் புகையில நிக்கச் சொன்னா நிப்பீங்களா? அதுவும் விறகுதானே?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற. அவரு படிச்சவரு" என்றார்.

மறுநாள் நானும் பின்னாலேயே போனேன். மைதானத்தில் எதிர்க் கோல்கம்பம் தெரியாத அளவுக்குப் புகை. அதன் நடுவில் மூன்று வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். தலைவர் எதிரே, ஒரு சிமென்ட் மேடைமேல். முதலில் மலையைப் பார்த்துக் கைகூப்பச் சொன்னார். பிறகு ஆழ்ந்த மூச்சு.

"இழுங்க... ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அப்டியே நிறுத்துங்க... அஞ்சு... ஆறு... வயிறு வரைக்கும் போவட்டும்... ஏழு... எட்டு... மெதுவா விடுங்க..."

என் வீட்டுக்காரர் கண்ணை மூடி, நெஞ்சை விரித்து இழுத்தார். கல்யாணத்தன்று தாலி கட்டும்போதுகூட அந்த முகத்தில் அத்தனை பக்தியை நான் பார்த்ததில்லை. நடுவில் ஒருவர் இருமினார். இன்னொருவர் இருமினார். தலைவர் மேடையில் இருந்தபடியே, "இருமல் வந்தா நல்லது, உள்ள இருக்கற கசடு வெளிய வருது" என்றார். உடனே எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகவே இருமினார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கிட்டே போனேன்.

"சார், இவரு ஸ்டென்ட் வெச்சவரு. இந்தப் புகைய இழுத்தா ஆவுமா?"

"வாங்க சிஸ்டர். ஸ்டென்ட் வெச்சவங்களுக்குத்தான் இது ரொம்ப முக்கியம். ரத்தக்குழாய் விரியும்."

"என்ன மூலிகைங்க? எங்கம்மா ஊரு மலையடிவாரம். காட்டுல இப்ப எங்க பாத்தாலும் உண்ணிச்செடிதான். ஆடுகூட அதத் தின்னாது. அதுதான் எரியுது, காஞ்ச புல்லு எரியுது, ரோட்டோரத்துல கொட்டி வெச்சிருக்கற குப்பையும் சேந்து எரியுது. பிளாஸ்டிக்கு நாத்தம் உங்களுக்கு அடிக்கலியா?"

தலைவர் என்னைப் பார்க்கவில்லை. வரிசையைப் பார்த்தார். புன்னகை செய்தார். "சிஸ்டர் ரொம்ப டென்ஷனா இருக்காங்க. நண்பர்களே, சிரிப்புப் பயிற்சி ஆரம்பிக்கலாமா?" என்றார்.

இருபது பேரும் ஹோ ஹோ என்று சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவே இருமல், இருமலுக்கு நடுவே சிரிப்பு. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துச் சிரித்தார். அது வெறும் பயிற்சி என்று பிறகு சொன்னார். இருக்கலாம். முப்பத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவர் என்னை அடித்ததில்லை, வைததும் குறைவு. ஆனால் அந்தச் சிரிப்பை நான் இன்னும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஜன்னலை எல்லாம் சாத்தினேன். கதவின் அடியில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்தேன். அவர் ஷூவை எடுத்துப் பரண்மேல் போட்டேன். மறுநாள் வெறுங்காலோடு போய்விட்டார். பூமியிலிருந்து கரண்ட் ஏறும் பாடத்தை நான் மறந்துவிட்டிருந்தேன்.

அதற்கடுத்த நாட்களில் அவருக்கு இருமல் நெஞ்சுக்குள் இறங்கியது. முதலில் காலையில் மட்டும். பிறகு சாப்பிடும்போது, பேசும்போது, ஷர்ட் பொத்தான் போடும்போது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, செடியைப் பார்க்கிற மாதிரி நடிப்பார். அங்கே செடி கிடையாது. காய்ந்த தொட்டிதான். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சாய்வு நாற்காலியில் தலையணையை வைத்து உட்கார்ந்தபடி தூங்கினார். மூச்சு விடும்போது உள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"கசடு வெளிய வருதும்மா. ஒரு வாரம் அப்டித்தான் இருக்கும்னு தலைவர் சொன்னாரு."

"உயிரும் கூடவே வெளிய வந்துட்டா அவரு புடிச்சு உள்ள போடுவாரா?"

அதற்கு அவர் சிரிக்க முயன்று இருமினார். நான் தலைவரைத் திட்டினேன். அவர் தலைவருக்காகக் கோபப்பட்டார். கோபப்படுவதற்கும் மூச்சு வேண்டும் அல்லவா, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இது முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். வாசலில் ஸ்கூட்டர் சத்தம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் என் வீட்டுக்காரரை வைத்து நெருக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவருக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. பேச வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை.

"ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் மூச்சு புடிச்சிக்கிச்சு. மெளகு கஷாயம் குடுத்து மல்லாக்கப் படுக்க வெக்கச் சொன்னாரு தலைவர்" என்றார் ஸ்கூட்டர் ஓட்டி வந்த முன்னாள் அறிவியல் ஆசிரியர்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாம வூட்டுக்கு எதுக்குக் கூட்டியாந்தீங்க?"

"தலைவர்தான்..."

மேற்கொண்டு நான் கேட்கவில்லை. தெருமூலையில் நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டு, அவரை உள்ளே ஏற்றி, நேராகத் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு. வழியெல்லாம் அவர் என் கையைப் பிடித்திருந்தார். பிடி அத்தனை இறுக்கம். நான் மனசுக்குள் சாமியைக் கூப்பிட்டதைவிடத் தலைவரைச் சபித்ததுதான் அதிகம்.

அவசரப் பிரிவில் உடனே மூக்கு வாயை மூடி ஒரு மாஸ்க் வைத்தார்கள். மருந்து ஆவியாகப் போனது. பிறகு ஆக்ஸிஜன். இதயத்துக்கு ஒரு பரிசோதனை, ரத்தம், நெஞ்சுப் படம். கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கியது, உதட்டில் நிறம் வந்தது. அதற்குப் பிறகுதான் நான் சுற்றிப் பார்த்தேன். வார்டு நிறைந்து தரையிலும் பாய் விரித்திருந்தார்கள். மலை ஊர்களிலிருந்து வந்த பெண்கள், தீயை அணைக்கப் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு போன ஒருவர், இளைப்புக்காரப் பிள்ளைகள். அவர்கள் யாரும் புகையை விரும்பி இழுத்தவர்கள் இல்லை. வீடு அங்கே இருக்கிறது, வேறு போக்கிடம் இல்லை. எங்கள் வீட்டிலோ சாத்துவதற்கு ஜன்னல் இருந்தது, சாத்தவும் சாத்தினேன். ஆனாலும் என் வீட்டுக்காரர் மைதானத்துக்குப் போய் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண்களின் பக்கத்தில் உட்காரவே எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் சின்னப் பெண். என் மகள் வயதுகூட இருக்காது.

"பொகையில ரொம்ப நேரம் இருந்தீங்களா?"

"இல்லீங்க. வாக்கிங் மட்டுந்தான்" என்றார் இவர், மாஸ்க்குக்குள்ளிருந்து.

"பொய் சொல்றாரு டாக்டர். தெனமும் ஒரு மணி நேரம் பொகையப் பாத்து நின்னு ஆழமா மூச்சு இழுத்தாரு. கூட்டமா இழுத்தாங்க" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண் பேனாவை நிறுத்தினாள். "வேணும்னேவா?"

"ஆமாங்க. மூலிகையாம்."

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். கண்ணுக்குத் தெரிகிற சாம்பல் பெரிய கெடுதல் இல்லையாம், அது மூக்கிலேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலின் கடைசி மூலைவரை போகும். அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கும். நெஞ்சு நோய் உள்ளவர்களுக்கு அதுவே மாரடைப்பைக் கொண்டுவந்துவிடும். ஆழமாக இழுத்தால் அத்தனையும் ஆழமாகப் போகும். "எந்த மரம் எரிஞ்சாலும் புகை புகைதாங்க ஐயா. உள்ள போனா அதுக்கு மூலிகைன்னு தெரியாது" என்றாள். பழைய சிகரெட்டில் ஏற்கெனவே பாதி கெட்டிருந்த நுரையீரல் என்றும், இனி தினமும் உறிஞ்சுகிற மருந்து வேண்டும் என்றும் சொன்னாள். இவர் தலையை ஆட்டினார். பயணிகள் அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டு தலையாட்டுவார்களே, அதே ஆட்டல்.

மறுநாள் மாலை தலைவர் வந்தார். தனியாக வரவில்லை, ஐந்தாறு பேரோடு, பனியனோடு, ஒரு பை சாத்துக்குடியோடு. வந்ததும் முதல் வேலையாகச் சாத்துக்குடியை என் வீட்டுக்காரர் நெஞ்சின்மேல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நலம் விசாரித்த படம் குழுவில் போட வேண்டும் அல்லவா.

"பயப்படாதீங்க. ஒடம்பு சுத்தமாவும்போது சில பேருக்கு இப்டி ஒரு வேகம் காட்டும். நல்ல அறிகுறி" என்றார் தலைவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த ஆக்ஸிஜன ரொம்ப வெக்க உடாதீங்க. பழகிடும்" என்றார்.

"சோறு பழகிடுச்சு, தண்ணி பழகிடுச்சு, இதும் பழகிட்டுப் போவட்டுமே சார்" என்றேன்.

அவர் என்னிடம் சிரிப்புப் பயிற்சிக்கு அழைப்பு விடுப்பதற்குள் நர்ஸ் வந்து, பார்வையாளர் நேரம் முடிந்தது என்று எல்லோரையும் வெளியே தள்ளினாள். போகிற போக்கில் ஒருவர் இருமிக்கொண்டே போனார். அடுத்த படுக்கை அவருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததில் எனக்கு ஒரு கூச்சமும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் வீடு திரும்பிய பிறகு, தலைவரின் மனைவி ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி அனுப்பிய தூக்கு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க நான் போனேன். உண்மையைச் சொன்னால், தூக்கு ஒரு சாக்கு. தலைவரை நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு போனேன். வெளியே அப்போதும் புகை. மலை தெரியவில்லை.

கதவைத் திறந்த அந்தம்மா, "சீக்கிரம் உள்ள வாங்கக்கா, பொகை வருது" என்று என்னை இழுத்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

உள்ளே நின்றேன். மூச்சு சுலபமாகப் போயிற்று. வாரக்கணக்கில் மறந்துபோன ஒரு சுகம் அது. ஜன்னல் இடுக்கெல்லாம் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது, நேர்கோட்டில், இன்ஜினியர் கைவேலை. கதவடியில் ரப்பர் பட்டை. கூடத்தின் மூலையில் வெள்ளையாக, உயரமாக ஒரு மிஷின் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அதன் தலையில் ஒரு பச்சை விளக்கு.

"இது என்னங்க?"

"காத்த சுத்தம் பண்றதுக்கா. பெங்களூர்ல இருந்து பொண்ணு அனுப்பிச்சா. பொகை ஆரம்பிச்ச மொத வாரமே இவரு போன் பண்ணிக் கேட்டு வாங்கிட்டாரு. பொகை அடிச்சா செவப்பு லைட்டு எரியும். இவரு மைதானத்துல இருந்து வந்ததும் நேரா இதுமுன்னால உக்காந்துருவாரு. பனியனக்கூட வெளியவே கழட்டிப் போட்டுட்டுத்தான் வருவாரு." பெருமையோடு சொன்னார். கள்ளம் இல்லாத மனுஷி.

"அங்க மூச்சு மூச்சா இழுக்கறாரேம்மா?"

"அவரு எங்கக்கா இழுக்கறாரு? அவருக்குத்தான் சின்ன வயசுல இருந்தே இளைப்பாச்சே. இழுத்தா ஒத்துக்காது. அவரு எண்ணறதோட சரி."

நான் அந்தச் சிமென்ட் மேடையை நினைத்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இழுக்கும்போதும் எண்ணினார். நிறுத்தும்போதும் எண்ணினார். வாய்விட்டு எண்ணுகிறவன் எப்படி மூச்சை இழுப்பான்? இருபது பேர் கண்ணை மூடிக்கொண்டு அத்தனை நாளும் எதிரே நின்றார்கள். ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்த எனக்கும்தான் தோன்றவில்லை.

உள்ளறையிலிருந்து தலைவர் வந்தார். வேட்டி, மேல்துண்டு. விசில் இல்லாமல் அவர் சாதாரணக் கிழவனாகத் தெரிந்தார். நான் மிஷினைப் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"அது பேரனுக்குங்க சிஸ்டர்."

"பேரன் எங்க சார்?"

"பெங்களூர்ல."

கட்டிக்கொண்டு போன வாக்கியம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. "என் வூட்டுக்காரரு பொழச்சிக்கிட்டாரு. உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லித் தூக்கை அந்தம்மா கையில் கொடுத்தேன். தலைவர், "எல்லாம் பயிற்சியோட பலன்" என்றார். கூசாமல் சொன்னார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. வெட்கப்படுவதற்கு ஏதாவது ஒரு பயிற்சி இருந்தால் இவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே அவரிடம் சொன்னேன். டேப்பைச் சொன்னேன், பச்சை விளக்கைச் சொன்னேன், பேரனைச் சொன்னேன். கடைசியாக எண்ணிக்கையைச் சொன்னேன். டிக்கெட் பரிசோதகர் இப்போதாவது விழித்துக்கொள்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அங்கிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"அவரு எண்ணினாத்தானே நாங்க இழுக்க முடியும்? யாராச்சும் ஒருத்தர் எண்ணணுமில்ல?"

அடுப்படிக்குப் போய்விட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றுவிட்டது. அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. என்னைவிட நன்றாகவே. ஆனால் தலைவர் ஏமாற்றுக்காரர் என்று ஒப்புக்கொண்டால், தான் வரிசையில் நின்றதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு காலையில் எழுந்து எங்கே போவார்? யாரோடு டீ குடிப்பார்? நுரையீரல் பாதி போனதைத் தாங்கிக்கொண்ட மனுஷனால் அதைத் தாங்க முடியாது. இது புரிந்ததால் எனக்குக் கோபம் குறையவில்லை. வாயை மூடிக்கொள்ள மட்டும் அது உதவியது.

சித்திரையில் ஒரு கோடைமழை அடித்தது. இரண்டே நாளில் மலை தெளிவாகத் தெரிந்தது, கறுப்பாக, அங்கங்கே மொட்டையாக. மைதானத்தில் புகையைப் பற்றி யாரும் பேசவில்லை. சங்கம் முளைகட்டிய வெந்தயத்துக்கு மாறியிருந்தது. இவர் கொஞ்ச நாள் வீட்டிலேயே நடந்தார். பிறகு ஒருநாள் பரணிலிருந்து ஷூவைத் தானே இறக்கிக்கொண்டு போனார். உறிஞ்சும் மருந்தை பேன்ட் பையில் திணித்து, வெளியே தெரியாமல் கைக்குட்டையை மேலே வைத்தார். இருபது பேர் நடுவில் தானும் ஒரு நோயாளி என்று தெரிந்துவிடக் கூடாதாம். பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அந்தக் கூட்டத்தில் இன்னும் மூன்று பேர் கைக்குட்டைக்கு அடியில் அதையே வைத்திருந்தார்கள். ஒருவர் அறிவியல் ஆசிரியர்.

அடுத்த கோடையில் மறுபடியும் காடு எரிந்தது. இந்த முறை தருமபுரியில் ஒரு மண்டபத்தில் காட்டுத்தீப் புகையும் உடல்நலமும் என்று விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள். இவர் கூப்பிட்டதால் போனேன். மேடையில் சிறப்புப் பேச்சாளர் யார் என்று பார்த்தால் நம் தலைவர். வெள்ளைத் தாடியைத் தடவிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பொடி எப்படி நுரையீரலின் கடைசி மூலைவரை போகிறது என்று விளக்கினார். ஆழமாக மூச்சிழுக்கக் கூடாது என்றார். ஜன்னல் இடுக்கை டேப் வைத்து ஒட்டுங்கள் என்றார். "இத நான் ரெண்டு வருஷமாவே சொல்லிட்டு வரேன், யாரும் கேக்கல" என்றபோது முன்வரிசையில் இருந்த பனியன்காரர்கள் கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த இவரும் தட்டினார். பொன்னாடை போர்த்தினார்கள்.

போகும்போது எல்லோருக்கும் ஒரு துணி மாஸ்க் கொடுத்தார்கள். பாக்கெட்டில் தலைவரின் படம். பிரித்துப் பார்த்தேன். ஒற்றைத் துணி, எதிர் வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிந்தது. அது புகையைத் தடுக்காது, கொசுவைத் தடுத்தால் ஆச்சரியம்.

வரும் வழியில் மருந்துக் கடையில் ஆட்டோவை நிறுத்தி, அந்த டாக்டர் பெண் சொல்லியிருந்த கெட்டி மாஸ்க் இரண்டு வாங்கினேன். மறுநாள் காலை இவர் கிளம்பும்போது அதை மாட்டிவிட்டு, மூக்குக் கம்பியை அழுத்தி, பக்கவாட்டில் காற்று போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை. புகை இல்லாத நேரமாகப் பார்த்துச் சாயந்திரம் போங்கள் என்றேன், கேட்கவில்லை. வாசல்வரை போனவர், பேன்ட் பையிலிருந்து எதையோ எடுத்தார். தலைவர் கொடுத்த துணி மாஸ்க். நான் மாட்டிவிட்டதற்கு மேலே அதையும் மாட்டிக்கொண்டு, கேட்டைச் சாத்திவிட்டு, மைதானத்துப் பக்கம் நடந்தார்.